அந்த கோல்ஃப் பேக்கை விக்காத கண்ணு

கண்ணு,

நேத்து போன்ல பேக்கை வித்துடலாம்னு இருக்கேன்னு சொன்னியே, அப்பவே பதில் சொல்லியிருப்பேன், ஆனா குட்டிப்பையன் அழுதுட்டு இருந்தான், நீயும் தூக்கமில்லாம இருந்த, அதான் சாவகாசமா படிக்கட்டும்னு இதை டைப் பண்றேன். விக்காத சாமி. குறைய குறைய நல்ல ஆட்டம்னு காட்டற அந்த ஹேண்டிகேப் நம்பர் 18ல இருந்து 21க்கு ஏறிடுச்சுன்னு வருத்தப்படற, ஏறத்தான் செய்யும். கடைசி 20 ரவுண்ட்ல நல்லா ஆடின 8ஐ மட்டும் எடுத்து சராசரி போடற கணக்கு அது, பிள்ளை பொறந்து அரைத்தூக்கத்துல போய் ஆடினதெல்லாம் உள்ள வர வர பழைய நல்ல ரவுண்டெல்லாம் வெளிய போயிடும். உன் கைக்கு ஆட்டம் மறந்துடுச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

நீ கைக்குழந்தையா இருந்தப்போ நானும் இங்க கோயம்புத்தூர் பக்கத்துல செட்டிபாளையம் கோல்ஃப் கோர்ஸுக்கு போயிட்டு வந்தவதான், அதனால இதை தெரிஞ்சே சொல்றேன். பிள்ளை இருக்கற வீட்டுல ஆட்டமும் முன்னேறணும்னா நேரத்தை திருடக்கூடாது, பேசி வாங்கணும். உங்க அப்பாவும் நானும் உக்காந்து பேசி முடிவு பண்ணோம், சனிக்கிழமை காலைல அவர் கிரிக்கெட்டுக்கு, ஞாயித்துக்கிழமை காலைல நான் கோல்ஃபுக்கு, யார் வெளிய போறாங்களோ மத்தவங்க அவங்களுக்கு போன் பண்ணி டயப்பர் எங்க, பால் பவுடர் எங்கன்னு கேக்கக்கூடாது. சொந்தக்காரங்க சில பேர் பச்சப்பிள்ளைய விட்டுட்டு பந்தடிக்க போறா பாருன்னு பேசினாங்க. உங்க அப்பா ஒரே வார்த்தைல, பிள்ளை என்கிட்டதானே இருக்கு, உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேட்டார், அதோட அடங்கிட்டாங்க. மாப்பிள்ளையும் நல்ல மனுஷன், ஆனா நீ வாயத் தொறந்து கேக்கணும், அவரா புரிஞ்சுக்கட்டும்னு காத்திருக்காத, அவருக்கும் அதே அளவு நேரம் குடு.

அப்புறம் 18 ஹோலும் ஆடினாதான் ஆட்டம்னு நெனக்கறத இப்போதைக்கு விடு. முழு ரவுண்டுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல, போக வர வேற, தாய்ப்பால் குடிக்கற பிள்ளைய வச்சுக்கிட்டு அது யாரால முடியும். 9 ஹோல் ஆடு. 2024ல விதி மாத்துனதுக்கு அப்புறம் 9 ஹோல் ஸ்கோர் போட்டாலே மீதி 9க்கு நீ எவ்வளவு ஆடுவன்னு அதுவே ஒரு கணக்கு வச்சு உடனே ஹேண்டிகேப்ல சேத்துக்குது, எங்க காலத்துல இந்த வசதி ஏது. நீ இருக்கற ஸ்காட்லாந்து டண்டீல ஜூன் மாசம் ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கு, இங்க கோயம்புத்தூர்ல ஏழு மணிக்கே இருட்டிடும். பையனை ஏழரைக்கு தூங்க வச்சுட்டு கிளம்பினாகூட ஒரு 9 ஹோல் முடிச்சுடலாம். டிசம்பர்ல அங்க நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், அப்ப ஆட்டத்தை நெனச்சு மனச வதைக்காத, கோடையில ஆடறவளா இரு போதும்.

பக்கத்துலயே செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கு, கோல்ஃப் ஆடற உலகமே ஏங்கற இடம். அங்க ஹிமாலயாஸ்னு மேடும் பள்ளமுமா, பந்தை உருட்டி குழியில போடறதுக்குன்னே ஒரு பட்டிங் கிரீன் இருக்கே, 1867ல பொம்பளைங்க ஆரம்பிச்ச கிளப்போடது, பொம்பளைங்க தோளுக்கு மேல கோல்ஃப் குச்சியை தூக்கினா நல்லா இருக்காதுன்னு நெனச்ச காலம் அது, அவங்க பந்தை உருட்டற குச்சி, அந்த பட்டரை மட்டும் வச்சுக்கிட்டே ஒரு கிளப்பை நடத்தி காட்டினாங்க. கோடையில யார் வேணாலும் காசு குடுத்து ஆடலாம். பையன் நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டு போ. அதே ஊர்ல இருக்கற ஓல்ட் கோர்ஸ் மைதானத்துல ஞாயித்துக்கிழமை பெரிய போட்டி இல்லைன்னா ஆட்டமே கிடையாது, ஊரே நாயை கூட்டிட்டு நடக்கும், ஸ்ட்ரோலரை தள்ளிக்கிட்டு நீங்களும் போங்க, ஒவ்வொரு கிரீனும் எப்படி சரியுதுன்னு நடந்தே பாத்துடலாம்.

வீட்டுல பண்ண வேண்டியது பட்டிங்தான். அமெரிக்காவுல பிஜிஏ டூர்ல தொழிலாவே ஆடறவங்களே எட்டு அடி தூரத்துல இருந்து பாதிதான் உள்ள போடறாங்க, அதனால எட்டு அடி மிஸ் ஆச்சேன்னு நீ கலங்க வேண்டாம், ஆனா மூணு அடியை விடக்கூடாது. கார்ப்பெட்ல ஒரு டம்ளரை படுக்க வச்சு மூணு அடில இருந்து அடி, டம்ளர் வாய் நெஜமான ஹோலைவிட சின்னது, ஹோல் நாலேகால் இஞ்ச், அதனால கிரீனுக்கு போனா ஹோல் பெருசா தெரியும். பத்து நிமிஷம் போதும், பையன் தூங்கினதும். உன் ரேஞ்சுல இருக்கறவங்களுக்கு ஸ்கோர் ஏறறது பெரும்பாலும் பந்தை தொலைக்கறதுலயும், கிரீன் பக்கத்துல இருந்து அடிக்கற சிப் ஷாட்டை ரெண்டு தடவை அடிக்கறதுலயும், மூணு பட்ல முடிக்கறதுலயும்தான். ரவுண்ட் முடிஞ்சதும் இந்த மூணை மட்டும் எழுதி வை. டிரைவர்ங்கற பெரிய கிளப்ல அடிச்ச பந்து எவ்வளவு தூரம் போச்சுன்னு எழுதாத.

டிரைவர்னு சொன்னதும் ஞாபகம் வருது, உனக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை, இடுப்பை திருப்பி முழு ஸ்விங் போடறதுக்கு முன்னாடி பிரசவத்துக்கு அப்புறம் பாக்கற பிசியோதெரபிஸ்ட்கிட்ட கண்டிப்பா காட்டிடு. இதுல மட்டும் அவசரப்படவே கூடாது. வயித்து தசை சேராம இருந்தா முதுகுதான் வாங்கும். அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் சிப்பிங், பட்டிங், அவ்வளவுதான்.

காத்தை பத்தி நீ புலம்பினது எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா அது எனக்கு தெரிஞ்ச விஷயம். பாலக்காட்டு கணவாய் வழியா ஆடி மாசம் செட்டிபாளையத்துல அடிக்கற காத்துல ஆடி பழகினவ நான். எதிர்காத்துன்னா ஒண்ணு ரெண்டு படி அதிக தூரம் போற கிளப்பா எடு, பந்தை கொஞ்சம் வலது கால் பக்கம் வை, மெதுவா ஸ்விங் பண்ணு. காத்து பலமா இருந்தா பலமா அடிக்கணும்னு தோணும், அப்ப பந்து மேல எழும்பி அங்கயே நின்னுடும்.

அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் கதை தெரியுமா உனக்கு? 1999 யுஎஸ் ஓப்பன்ல மனைவி நிறைமாசம்னு பேஜரை வச்சுக்கிட்டு ஆடினார், கடைசி ஹோல்ல பெய்ன் ஸ்டூவர்ட் பதினஞ்சு அடி பட் போட்டு ஒரே ஸ்ட்ரோக்ல ஜெயிச்சுட்டார், மறுநாளே மிக்கல்சனுக்கு பொண்ணு பொறந்தா. 2017ல அந்த பொண்ணோட ஸ்கூல் கிராஜுவேஷனும் யுஎஸ் ஓப்பனும் ஒரே நாள், மேஜர்னு சொல்ற நாலு பெரிய போட்டியில அவர் ஜெயிக்காத ஒண்ணு அதுதான், போட்டியை விட்டுட்டு பொண்ணோட விழாவுக்கு போனார். அதே மனுஷன் 2021ல ஐம்பது வயசுல பிஜிஏ சாம்பியன்ஷிப் ஜெயிச்சார். நம்ம பெங்களூர் பொண்ணு அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஒரு ஸ்ட்ரோக்ல மெடலை விட்டு நாலாவதா வந்தப்போ பேக்கை தூக்கினது அவங்க அம்மா. அதை டிவில பாத்து நான் அழுதேன், நீ ஆடி நான் பேக் தூக்கணும்னு எனக்கும் ஆசை இருக்கு.

விசா வந்தா மே மாசம் வந்துடுவேன், மூணு மாசம் இருப்பேன். வாரத்துல ரெண்டு சாயங்காலம் பையன் என்கிட்ட, நீயும் மாப்பிள்ளையும் சேந்தே போங்க, அவருக்கும் கத்துக்குடு. ஒரு நாள் அவர் பையனை பாத்துக்கட்டும், நாம ரெண்டு பேரும் போலாம். எனக்கு அங்க கிளப் செட் வாடகைக்கு கிடைக்குமான்னு விசாரிச்சு வை, ஷூவும் கிளவுஸும் மட்டும் நான் இங்க இருந்தே கொண்டு வரேன்.

அம்மா