இரண்டு ஸ்டீரியோ, ஒரு ஆல்பம்: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அட்லாண்டா நண்பர்களுக்கு,

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு பேஸ்மென்டில் 'ஒலிவியா ட்ரெமர் கன்ட்ரோல்' என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பத்தை இரண்டு ஸ்டீரியோவில் ஓடவிட்டுக் கேட்டோம். அதற்கு உதவிய எல்லோருக்கும் இந்த மடல். வர முடியாதவர்கள் "அப்படி என்னதான் கேட்டீர்கள்?" என்று விசாரித்துக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

1996-இல் வந்த ஆல்பம் அது. பெயர் 'டஸ்க் அட் க்யூபிஸ்ட் காஸில்'. முழுப்பெயர் இதைவிட நீளம்; எடுக்கப்படாத ஒரு படத்தின் திரைக்கதைக்கான இசை என்று முன்னால் ஒரு வால் உண்டு. ஒலிவியா, ஜாக்குலின் என்று இரண்டு பெண்கள், 'கலிஃபோர்னியா டிமைஸ்' என்று ஒரு பெரிய பூகம்பம். கதை என்று கையில் கிடைப்பது அவ்வளவுதான். 27 பாடல்கள், ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் பாதியில் அறுபதுகளின் வாசனையோடு அடுத்தடுத்து நல்ல மெட்டுகள். நடுவில் 'கிரீன் டைப்ரைட்டர்ஸ்' என்ற ஒரே பெயரில் பத்துத் துண்டுகள். அதில் எட்டாவது ஒன்பது நிமிடத்துக்கும் மேல், கிட்டத்தட்ட வெறும் ஓசை. தனியாகக் கேட்டால் பொறுமையைச் சோதிக்கும். நானே பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

இதோடு சேர்த்துக் கேட்பதற்கென்றே 'எக்ஸ்ப்ளனேஷன் டூ' என்று இன்னொரு சிடி போட்டார்கள். முதலில் வந்த சில பிரதிகளோடு மட்டும் இணைப்பாகக் கொடுத்தது. ஒன்றை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். அந்த இரண்டாவது சிடியைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டவுடன் தந்த நம் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் அண்ணாவுக்குத்தான் முதல் நன்றி. "கீறல் விழாமல் திருப்பிக் கொடுப்பா" என்று மட்டும் சொன்னீர்கள். விழவில்லை அண்ணா, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன்.

பெரிய ஸ்பீக்கர்களைத் தன் காரேஜிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கிய பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் நன்றி. அவருக்குத் தமிழ் தெரியாது, இந்த மடலை நேரில்தான் சொல்லிக் காட்ட வேண்டும். இரண்டு பிளேயரையும் ஒரே கணத்தில் தட்டிவிட்ட தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு இயந்திரம் ஒருபோதும் ஒரே மாதிரி தொடங்காது, அதனால் ஒவ்வொரு தடவையும் இந்த ஆல்பம் கொஞ்சம் வேறாகத்தான் கேட்கும் என்று நீ சொன்னது சரி. எட்டாவது துண்டு வந்தபோது பின்னாலிருந்து வந்த ஓசை முன்னால் வந்ததோடு பின்னிக்கொண்டதே, அப்போதுதான் அந்த ஒன்பது நிமிடம் எதற்கு என்று எனக்குப் பிடிபட்டது. மற்ற சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டதும் உண்மை.

குழுவின் பாடல்களை எழுதிப் பாடிய வில் கல்லன் ஹார்ட், பில் டாஸ் இருவருக்கும் நன்றி சொல்லாமல் இந்த மடல் முடியாது. லூசியானாவின் ரஸ்டன் என்ற சின்ன ஊர்ப் பக்கம் வளர்ந்த பையன்கள். இசைக்காரர்களான ஜெஃப் மாங்கம், ராபர்ட் ஷ்னைடர் இருவரும் அதே ஊர், அதே செட். நம் ஏதென்ஸுக்கு வந்து, நான்கு ட்ராக் (தனித்தனியாகப் பதியக்கூடிய நான்கு ஒலித்தடம்) கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வீட்டிலேயே பதிவுசெய்தார்கள். நான்கு ட்ராக்கில் இத்தனை ஓசையை எப்படி அடைத்தார்கள் என்று ஒரு அக்கா கேட்டார். மூன்று ட்ராக்கில் பதிந்ததை நான்காவதில் ஒன்றாகக் கலந்து இறக்கிவிட்டால், அந்த மூன்றும் மறுபடி காலி. அதில் புதிதாகப் பதியலாம். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் டேப்பின் இரைச்சல் கொஞ்சம் ஏறும்; கலந்ததைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. பாயசத்தில் போட்ட சர்க்கரை மாதிரி. இந்த ஆல்பத்தில் ஒரு மெல்லிய புழுதி படிந்தாற்போல் இருப்பது அதனாலும்தான்.

டாஸ் 2012-இல் 43 வயதில் போய்விட்டார். பல வருடம் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோயோடு வாழ்ந்த ஹார்ட் 2024 நவம்பர் 29 அன்று போனார். அதே நாளில்தான் குழுவின் இரண்டு புதுப் பாடல்கள் வெளிவந்தன.

ஷ்னைடரைப் பற்றி நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. இந்த ஆல்பத்தின் பதிவிலும் கலவையிலும் கூடவே இருந்தவர், பிற்பாடு கணிதம் படிக்கப் போனார். 2018-இல் இங்கே எமோரி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு எண் பிரிவினைகளைப் பற்றி. நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாக எழுதலாம் அல்லவா, அந்தக் கணக்குதான். கும்பகோணத்து ராமானுஜன் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியோடு சேர்ந்து 1918-இல் வெளியிட்ட பெரிய கட்டுரை அதைப் பற்றியதே. சைக்கடெலிக் ராக் என்கிற இந்தக் கனவு மாதிரியான இசையைப் பதிவுசெய்தவர் கடைசியில் நம் ஊர்க்காரர் விட்டுப்போன கணக்குப் பக்கம் வந்து சேர்ந்தார் என்று நான் சொன்னபோது, அதுவரை ஆல்பத்தில் ஒட்டாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமா, கடைசிவரை இருந்ததற்கு உங்களுக்குத் தனி நன்றி!

சுண்டலும் ரவா கேசரியும் செய்து அனுப்பிய அக்காவுக்கு என்ன சொல்வது! பாதிப் பேர் அதற்காகத்தான் வந்தார்கள். மாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட என் மனைவி ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. அடுத்த தடவை நான் மாடியில் இருக்கிறேன், சத்தியமாக.

அடுத்தது 1999-இல் வந்த 'பிளாக் ஃபோலியேஜ்'. ரசிகர்கள் தங்கள் கனவுகளைச் சொல்லிப் பதிந்து அனுப்பிய டேப்களும் அதில் கலந்திருக்கின்றன. ஒரு ஸ்டீரியோ போதும், பெரியவரின் முதுகுக்கும் நல்லது.

அப்புறம், நீல நிற எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றும் ஒரு எவர்சில்வர் தூக்கும் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. யாருடையது என்று சொன்னால் ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
பேஸ்மென்ட்காரன்