விழுந்த கண்ணியும் பழைய கொக்கி ஊசியும்

குன்னூர்,
ஜனவரி 18

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பேத்தி பிறந்த செய்தியை இரண்டு தடவை படித்தேன். தலை நிறைய முடி என்று எழுதியிருக்கிறாய், உன் அம்மாவின் முடியாகத்தான் இருக்கும். பிள்ளையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்த முழங்காலோடு மலை இறங்கி நாகர்கோவில் வருவது பங்குனியில்தான் முடியும்.

பொட்டலத்தைப் பிரித்தாயா? அந்த மஞ்சள் குல்லா நாம் கொக்கி ஊசியால் போடுகிற குரோஷா இல்லை. இரண்டு ஊசி வைத்து நானே பின்னியது!

தையல் வகுப்பில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சங்கிலி போடப் பழகியதிலிருந்து கொக்கி ஊசியைத் தவிர வேறெதையும் நான் தொட்டதில்லை. 35 வருஷமாக மேசை விரிப்பும் டிவி உறையும்தான். இங்கே குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "இப்போதே ஸ்வெட்டரில் கை வைக்காதே, பாத்திரம் துடைக்கிற துணியிலிருந்து ஆரம்பி" என்றார்.

பக்கத்தில் கேத்தியில் செய்கிற போனி என்ற பின்னல் ஊசி, 4 மி.மீ. கனத்தில் வாங்கினேன். நான்கு கண்ணியில், அதாவது ஊசியில் நிற்கிற நான்கு நூல் வளையத்தில் தொடங்கி, வரிசைக்கு ஒன்று கூட்டி 44 வரை போய், மறுபடி ஒவ்வொன்றாகக் குறைத்து நான்குக்கு வந்தால் சதுரமாக ஒரு துணி. எல்லா வரிசையும் நிட் என்கிற சாதாரணக் கண்ணி மட்டும்தான். அக்கா நூலை வலது கையில் பிடித்துச் சுற்றச் சொன்னார். எனக்கு விரல் ஓடவே இல்லை. அப்புறம் குரோஷாவுக்குப் பிடிக்கிற மாதிரி இடது ஆள்காட்டி விரலில் நூலைப் போட்டு, ஊசி முனையால் இழுத்துப் பார்த்தேன். சரசரவென்று வந்தது. இப்படிப் பின்னுகிறவர்களும் உண்டு, அதுவும் சரியான முறைதான் என்றார் அக்கா.

பயமெல்லாம் கண்ணிகளைப் பற்றித்தான் மல்லிகா. குரோஷாவில் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி. கை தவறினாலும் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். இதில் 40, 50 கண்ணி வாயைத் திறந்துகொண்டு ஊசியில் நிற்கிறது. மூன்றாவது துணியில் ஒன்று நழுவியது. வரிசை வரிசையாகக் கீழே இறங்கி, ஏணி மாதிரி குறுக்கு இழைகள் மட்டும் நின்றன. நெஞ்சு பதறிப்போயிற்று. அக்கா என் பழைய கொக்கி ஊசியைக் கேட்டு வாங்கினார். விழுந்த கண்ணிக்குள் அதை நுழைத்து, மேலே இருக்கிற குறுக்கு இழையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அடுத்த படி, அதற்கடுத்த படி. நம் சங்கிலிதானடி அது! மீதியை அவர் கையிலிருந்து வாங்கி நானே ஏற்றி முடித்தேன். அன்றிலிருந்து பயம் போய்விட்டது. கூடையில் கொக்கி ஊசி எப்போதும் இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் இருக்கிற திருப்பூர் பனியன் ஒன்றை உற்றுப் பார். வெளிப்பக்கம் குட்டிக் குட்டி 'வி' அடுக்கியிருக்கும், உள்பக்கம் அலை அலையாக இருக்கும். நான் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (நிட்டின் மறுபக்கம் போலத் தெரியும் கண்ணி) என்று போடுவதும் அதே பின்னல்தான். 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் இதற்கு இயந்திரம் செய்துவிட்டார். குரோஷா இன்றும் கைவேலையாகவே இருக்கிறது. அதை நினைத்தால் நம் பழைய வேலைமேல் மதிப்பு கூடுகிறது.

குல்லாவுக்கு முதலில் சின்னத் துண்டு பின்னி அளந்தேன். 10 செ.மீ.க்கு 20 கண்ணி. பிறந்த பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு 35 செ.மீ. வாக்கில் இருக்கும், பின்னல் இழுபடும் என்பதால் 32-க்குக் கணக்குப் போட்டு 64 கண்ணி எடுத்தேன். விளிம்பு சுருளாமல் இருக்க அடியில் இரண்டு நிட், இரண்டு பர்ல். உங்கள் ஊர் வெயிலுக்கு வூல் வேண்டாமென்று பருத்தி நூலே போட்டிருக்கிறேன். பிள்ளை தூங்கும்போது கழற்றிவிடச் சொல்.

நீ பாதியில் நிறுத்திய நீல ஸ்வெட்டர் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா? கண்ணி ஊசியில் நின்றால் அப்படியே எடுத்து வை, பங்குனியில் வந்து சேர்ந்து பார்ப்போம். குட்டியின் பாதத்தையும் அளந்து எழுது, அடுத்தது காலுறை.

அன்புடன்,
ஸ்டெல்லா