சட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்: நம் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் ஏற்பாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது எண்ணிப் பார்த்தேன், 23 டி-சட்டை. பொங்கலுக்கு, தமிழ்மொழி விழாவுக்கு, குடும்ப தினத்துக்கு, தொண்டூழியர்களுக்கென்று தனி நிறத்தில். எல்லாவற்றின் முதுகிலும் வருஷமும் ஆதரவாளர் சின்னமும் இருப்பதால் நிகழ்ச்சி முடிந்த மறுநாள் யாரும் போடுவதில்லை. தரை துடைக்கலாமென்றால் அச்சடித்த பக்கம் தண்ணீரை உறிஞ்ச மாட்டேன் என்கிறது.

குறை சொல்வதென்றால் என்னிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஓர் அமைப்பில் 3 வருஷம் சட்டைப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. 400 சட்டைக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு, 7 வெள்ளி சொன்னவரை 5 வெள்ளி 80 காசுக்கு இறக்கி, அதைக் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டல்கூட கிடைத்தது. குறைந்த அந்தக் காசு யார் பங்கிலிருந்து போனது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இங்கே கடை வாடகை நமக்காகக் குறையாது, நூல் விலையும் குறையாது. வளைத்தால் வளைவது தையல்காரருடைய பீஸ் ரேட்தான், அதாவது தைத்த சட்டைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கூலி. அப்புறம், கடைசி வாரத்தில் நீலத்தைப் பச்சையாக்குங்கள், ஆனால் தேதி மட்டும் மாறக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் நான்தான். அந்த ஒரு செய்திக்காக எங்கோ சிலர் ராத்திரி ஷிப்ட் பார்த்திருப்பார்கள்.

எந்தக் கம்பெனியில் தைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “திருப்பூர்தாம்மா, நம்ம ஊரு சரக்கு” என்றார் விற்பவர். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

நம்ம ஊர் என்றால் எல்லாம் சரியா? பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேல். நூல் மில்களில் ‘காம்ப் கூலி’ என்று ஒன்று உண்டு, சுமங்கலித் திட்டம் என்று அதற்கு ஒரு மங்கலப் பெயர் வேறு: ஏழை வீட்டுப் பெண் மில் விடுதியில் தங்கி 3 வருஷம் உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை, நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் அந்தத் தொகை கிடைக்காமலே போகலாம். திண்டுக்கல் பக்கம் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆலையொன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அங்கே மேற்பார்வையாளர். பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் விடாமல் போராடியதில் 2022இல் ஓர் ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம், கேப் போன்ற வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் தாங்களே கையெழுத்துப் போட்டன. பாலியல் தொல்லையைத் தடுக்கத் தவறினால் ஆலைக்கு வரும் ஆர்டர் நின்றுபோகும் என்ற பயம்தான் அதற்குப் பலம். ஆக, ஆர்டர் கொடுக்கிறவர் வாய் திறந்தால் ஆலைக்குள் கேட்கும்.

தேக்காக் கடையில் ஒரே ஒரு சட்டை வாங்குகிறவருக்கு அந்த பலம் இல்லை, 400 வாங்குகிற உங்களுக்குக் கொஞ்சம் உண்டு. பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு இல்லாத இன்னொன்றும் நமக்கு இருக்கிறது: மொழி. திருப்பூருக்குப் போன் போட்டு, யார் தைக்கிறார்கள், ஓவர்டைம் காசு தனியாகக் கொடுக்கிறீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்கலாம். விலைப்புள்ளியிலேயே ஆலையின் பெயரை எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்பவரை விடுங்கள். இரண்டு மாதம் முன்பே ஆர்டர் கொடுங்கள், கொடுத்த பிறகு நிறத்தை மாற்றாதீர்கள். முதுகில் வருஷம் போடாவிட்டால் அடுத்த வருஷமும் அதே சட்டையைப் போடலாமே! தொண்டூழியருக்குக் கழுத்து அட்டையே போதும்.

மறுபயனீட்டுத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று சொல்லாதீர்கள். சிங்கப்பூரில் துணிக் கழிவில் மிகச் சிறிய பங்குதான் மறுபயனீட்டுக்குப் போகிறது. மற்றதில் பெரும்பகுதி எரிந்து, சாம்பல் செமாக்காவ் தீவுக் குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேரும். அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

தமிழ்மொழி விழா நடக்கும் அதே ஏப்ரலில்தான், 2013ஆம் ஆண்டு 24ஆம் தேதி, டாக்கா அருகே ஆடை ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது, ஆனாலும் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆர்டருக்குத் தேதி இருந்தது.

அடுத்த கூட்டத்தில் சட்டை விஷயம் வரும்போது இந்த மடலை வாசித்தால் நல்லது. மீந்துபோன சட்டை ஒரு பெட்டி நிறைய இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, பெரும்பாலும் எக்ஸ்எல். முதுகில் 2019 என்றிருக்கும். பரவாயில்லை என்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.