கூடாரம் அல்ல, வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய ஆசியாவின் கிர்கிஸ் நாடோடி வாழ்க்கையைக் காட்டும் யதார்த்த ஓவியத்தை ஞாயிறு இணைப்பில் வண்ணத்தில் வெளியிட்டதற்கு நன்றி. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து வரையத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் படக்குறிப்பில் 'கூடாரம்' என்றிருப்பதால், தரையிலிருந்தே கூம்பாக எழுப்பி நடுவில் கம்பமும் நட்டுவிடுகிறார்கள்.

படத்தில் இருப்பது கிர்கிஸ் மக்களின் 'போஸ் உய்', அதாவது சாம்பல் நிற வீடு. முதலில் வாசல் சட்டம் நிற்கும். அதிலிருந்து, கடைகளின் மடக்கு இரும்புக் கதவு போல விரியும் மரப்பின்னல் வட்டமாகச் சுற்றி வரும். அதன் பெயர் கெரெகே. உச்சியில் துந்துக் எனும் வளையம். கிர்கிஸ்தான் கொடியில் சூரியனுக்குள் மும்மூன்று குறுக்குக் கோடுகளோடு இருப்பது இதுதான். வளையத்தைத் தூக்கிப் பிடிக்கவே கம்பு. கூரைக் கழிகளை வளையத்தின் துளைகளில் செருகியதும் கம்பை எடுத்துவிடலாம். கழிகளின் அடிமுனை வளைந்திருப்பதால், சுவரும் கூரையும் சேருமிடம் தோள்பட்டை போல உருண்டிருக்கும். அந்த வளைவு தவறினால் வேறெதுவும் உட்காராது. ஏராவும் (அடிக்கட்டை) வங்கும் (விலா மரம்) எங்கே என்று தெரிந்து வரைந்த வள்ளம்தானே மிதப்பது போலிருக்கும்!

மேலே போர்த்துவது ஆட்டு ரோமக் கம்பளம். தார்ப்பாய் போலப் படபடக்காது, கூரான மடிப்பும் விழாது. விளிம்பு தடித்து மழுங்கியிருக்கும். வெறும் வெள்ளை பூசக் கூடாது. வெள்ளையில் மஞ்சள் ஓக்கர் எனும் மண் மஞ்சளும் துளி பர்ன்ட் அம்பர் எனும் அடர் பழுப்பும் சேர்க்க வேண்டும். புகை போகும் உச்சியில் அம்பர் இன்னும் கொஞ்சம்.

பெரிய தவறு மலையில்தான் நடக்கிறது. நம் கடற்கரையில் ஈரக்காற்று தூரத்தை வெளுத்துவிடும். பாம்பன் பாலம்கூடச் சில நாள் மங்கித்தான் தெரியும். அந்தப் பழக்கத்தில் மலையையும் வெளுப்பாகப் பூசுகிறார்கள். கிர்கிஸ்தானின் சோன்-குல் ஏரி மேய்ச்சல் வெளி 3,000 மீட்டருக்கு மேலே. காற்று மெலிந்து உலர்ந்தது. தொலைவு மலையின் விளிம்பும் தெளிவாகத் தெரியும், நிழல் அழுத்தமான நீலமாக விழும். அல்ட்ராமரைன் எனும் அடர் நீலத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

ஒரு வேண்டுகோள். ஓவியம் வெளியிடும்போது ஓரம் வெட்டாமல், மூல அளவையும் போடுங்கள். ஓவியர் செம்யோன் சுய்கோவ் 1948-இல் வரைந்த 'சோவியத் கிர்கிசியாவின் மகள்' 120 செ.மீ. உயரம், 95 செ.மீ. அகலம். சிவப்புத் தலைத்துணியோடு புத்தகம் ஏந்தி நடக்கும் அந்தப் பெண் வானத்தின் முன் நிமிர்ந்து நிற்பது தொடுவானம் தாழ்ந்திருப்பதால்தான். அடியில் நான்கு விரல் வெட்டினாலும், கட்டம் போட்டுப் பெரிதாக்கும் பிள்ளைக்குக் கணக்கே மாறிவிடும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.