கோணமானியும் என் வலது முழங்காலும்

கும்பகோணம்,
கார்த்திகை 8

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுவாரமே வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாளாகிவிட்டதே என்று கோபித்துக்கொள்ளாதே. அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் முழங்கால் இறுகிப் போகிறது. எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்துவிட்டு வந்துதான் மறுபடி பேனாவை எடுக்க வேண்டியிருக்கிறது.

உன் பேத்தி டியூஷன் வைத்துக்கொள்ளாமல் தானே கணக்குப் போடுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு தடவை படித்தேன். இங்கே அவர் நலம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. மகள் ஐந்து வாரம் கூட இருந்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பிவிட்டாள். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கொல்லையெல்லாம் ஈரம். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பொங்கல் கழித்து உனக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். "மறுநாளே நடக்க வைத்துவிடுவார்களாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தாய்.

நிஜம்தான். ஆவணி 2ஆம் தேதி எனக்கு அதே ஆபரேஷன். மறுநாள் காலை பத்து மணிக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை போய் வந்தேன். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முதுகில் போட்ட வலி மருந்தும் நரம்பு மரக்கப் போட்ட ஊசியும் அப்போது முழுதாக இறங்கியிருக்கவில்லை. அன்று ராத்திரிதான் உண்மையான வலி என்னவென்று தெரிந்தது. மறுநாளே நடப்பது ஒன்று, அந்தக் கால் நம்முடைய கால் ஆவது வேறு. இரண்டாவதற்குப் பதினாலு வாரமாக உழைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. இதை எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை. அதனால்தான் உனக்கு விவரமாக எழுதுகிறேன்.

மூட்டையே கழற்றிவிட்டு வேறு மாட்டுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்துபோன பாகத்தைக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் சீவி எடுத்துவிட்டு, பல்லுக்குக் கேப் போடுவது போல உலோகத்தைப் பொருத்துகிறார்கள். நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. அந்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதற்காக எலும்பை அறுத்திருக்கிறார்கள், தசையை விலக்கியிருக்கிறார்கள், சுற்றியிருக்கும் சதையெல்லாம் புண்ணாகியிருக்கிறது. உள்ளே இருக்கும் இரும்புக்கு ஆற வேண்டியது எதுவுமில்லை, நமக்கு இருக்கிறது. எலும்பும் எலும்பும் உரசும் அந்தப் பழைய வலி, ஆறு வருஷமாக என்னைப் படுத்தினதே, அது ஆபரேஷனோடு போய்விட்டது. இப்போது இருப்பது புண் ஆறும் வலி, இறுக்கத்தின் வலி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதுவரை, போனது திரும்பி வந்துவிட்டது என்றே பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம்தான் மிகவும் மோசம். விசேஷத்துக்கு வருவது போல வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். தையலுக்குப் போட்டிருந்த கிளிப்பை எடுத்தாயிற்று. காலோ தொடையிலிருந்து கணுக்கால் வரை வீங்கி, தொட்டால் அடுப்பு மேடை போலச் சுடும். ராத்திரி இரண்டு மணிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வலி. ஒருநாள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதற்காக இதைச் செய்துகொண்டேன் என்று சத்தம் வராமல் அழுதேன். அடுத்த தெரு மாமி வேறு, தன் நாத்தனார் பதினைந்தே நாளில் கோயிலுக்குப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாள் கணக்கு எனக்குள் முள்ளாக இருந்தது. உன்னிடமும் யாராவது இப்படிச் சொல்வார்கள். அவர்கள் கால் வேறு, உன் கால் வேறு என்று காதோடு விட்டுவிடு.

நான் செய்த இரண்டு தப்பை நீ செய்யக்கூடாது.

ஒன்று, மாத்திரையைத் தள்ளிப் போட்டது. நம் வீடுகளில் வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் பெருமை என்று வளர்த்துவிட்டார்கள் அல்லவா. மூன்று வேளை எழுதிக்கொடுத்ததை ஒரு வேளையாக்கினேன். விளைவு, பயிற்சி செய்யும்போது காலை மடக்கவே முடியவில்லை. மடக்காததால் இறுகியது, இறுகியதால் இன்னும் வலித்தது. டாக்டர் கோபித்துக்கொண்டார். "வலி மாத்திரை நீங்கள் படுத்துக்கொள்வதற்கு இல்லையம்மா, பயிற்சி செய்வதற்கு" என்றார். அதற்கப்புறம் பயிற்சிக்கு முக்கால் மணி முன்னால் மாத்திரை, முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் இருபது நிமிஷம் என்று ஒழுங்குக்கு வந்தேன். வித்தியாசம் மூன்றே நாளில் தெரிந்தது. அந்த மாத்திரைகளில் சிலது மலச்சிக்கலைக் கொண்டுவரும். முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, பப்பாளி என்று பார்த்துக்கொள்.

இரண்டாவது தப்பு தலையணை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா! ஒரு வாரம் முழுக்க அப்படியே தூங்கினேன். கால் அந்த வளைவிலேயே நிற்கப் பழகிவிட்டது. பிசியோதெரபி செய்ய வரும் பெண் பார்த்துவிட்டுத் தலையணையைக் கையோடு எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டாள். காலை மடக்குவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள், முழுதாக நீட்ட முடிவதும் அதே அளவு முக்கியம். நீளாவிட்டால் காலம் முழுக்க நொண்டித்தான் நடக்க வேண்டும். வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வை. முழங்கால் அந்தரத்தில் தொங்கித் தானாக நேராகும். பத்து நிமிஷம் பத்து யுகமாக இருக்கும். இருந்தாலும் செய்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயசுதான் இருக்கும். முதல் நாள் பையிலிருந்து ஒரு கோணமானியை எடுத்தாள், இரண்டு கை வைத்த பிளாஸ்டிக் கோணமானி. முப்பத்திரண்டு வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோணம் அளக்கச் சொல்லிக்கொடுத்தேனே, மனசு என்னவோ போலாகிவிட்டது. தொடையோடு ஒரு கை, கெண்டைக்காலோடு ஒரு கை. நேராக நீட்டின கால் பூஜ்யம், அதிலிருந்து 62 பாகை மடங்குகிறது என்றாள். சாதாரணமாக நடக்க ஏறக்குறைய 70 பாகை மடங்க வேண்டும். படியேற 90க்குப் பக்கம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேலே. குந்தி உட்கார 130க்கு மேல். இந்த எண்களை நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டாவது வார முடிவில் 78. நாலாவது வாரம் 90. ஆறாவது வாரம் 96.

அப்புறம் நின்றுவிட்டது. ஏழாவது வாரம் 96, எட்டாவது வாரம் 95, ஒன்பதாவது வாரம் 96. தினமும் மூன்று வேளை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன், ஒரு பாகை நகரவில்லை. மடங்காமலே நின்றுபோன சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்கிவிடுவார்கள், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் செய்வார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த நாளை எண்ணி எண்ணித் தூக்கம் போயிற்று. 90ஐத் தாண்டிவிட்டதால் எனக்கு அது தேவைப்படாது என்று டாக்டர் சொல்லியும் மனசு கேட்கவில்லை. அந்த மூன்று வாரமும் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. உனக்குப் போன் செய்யாததும் அதனால்தான்.

அந்தப் பெண் ஒருநாள் கோணமானியைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. "இந்த வாரம் அளக்க வேண்டாம்மா. போன வாரம் முடியாமல் இருந்து இந்த வாரம் முடிந்த ஒரு காரியம் சொல்லுங்கள்" என்றாள். யோசித்தேன். முந்தின நாள் வாசலில் பால்காரர் மணியடித்தபோது நாற்காலிக் கையை அழுத்தாமல் எழுந்திருந்தேன்! எழுந்தது அப்போது எனக்கே தெரியவில்லை. வீக்கம் வடிய மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆகும், கால் முழுதாகத் தேற ஒரு வருஷம்கூட ஆகும், அதற்குள் வாராவாரம் ஏறுமுகமாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் இல்லை என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு நாட்காட்டியில் எண்ணுக்குப் பக்கத்தில் காரியத்தையும் எழுதுகிறேன். வாக்கரை விட்டுக் கைத்தடி. சமையலறையில் நின்று ஒரு ரசம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூக்கம். மொட்டை மாடிக்குப் பதினெட்டுப் படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில், இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன். போன வாரம் அளந்தாள், 108.

இன்னும் சில விஷயம், நீ பயந்துவிடாமல் இருக்க. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்திருக்கும். தொட்டால் வேறு யார் காலையோ தொடுவது போல இருக்கிறது. வெட்டும்போது தோலுக்குப் போகும் சிறு நரம்பு அறுபடுகிறதாம். மெல்ல மெல்லச் சுருங்குகிறது, கொஞ்சம் தங்கியும் விடலாம். நடக்கையில் உள்ளே 'டிக்' என்று சத்தம் வரும், உலோகமும் பிளாஸ்டிக்கும் படுவதுதான். இதெல்லாம் பரவாயில்லை. ஆனால் கெண்டைக்கால் புதிதாக வலித்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோ, புண்ணில் நீர் கசிவதோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. மூன்றாவது வாரம் எனக்குக் கெண்டைக்கால் கல்லாக இருந்தது. அன்றைக்கே போய் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். ரத்தக்கட்டு எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் உயிர் வந்தது. படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வது இதற்காகத்தான். அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. ஆபரேஷன் சரியாக நடந்தும் பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு வலி தங்கிவிடுகிறதாம். நான் கேட்டபிறகுதான் டாக்டர் சொன்னார். முன்னாடியே சொல்லியிருந்தாலும் நான் செய்துகொண்டுதான் இருப்பேன். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கிற உரிமை நமக்கு உண்டு. நீயும் கேள்.

செலவு கேட்டிருந்தாய். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. சாதாரணமாகப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது நிர்ணயித்தது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பில்லில் மூட்டின் விலையைத் தனியாக எழுதி, கம்பெனி பெயரோடும் பேட்ச் எண்ணோடும் கேட்டு வாங்கி வைத்துக்கொள். பிசியோதெரபிக்கு ஆகும் செலவையும் இப்போதே ஒதுக்கி வை, அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்றுதான். தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பூஜைக்கு உட்கார்ந்தது தரையில், காய் நறுக்கியது தரையில், பந்தியில் இலைக்கு முன்னால் தரையில், நீயும் நானும் ஹாஸ்டல் வராந்தாவில் விடிய விடியப் படித்ததும் தரையில்தான். மார்கழி வருகிறது. புள்ளி வைத்துக் குனிந்து போடுகிற கோலம் எனக்கு இனி இல்லை. பரவாயில்லை, வலி போயிற்றே என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் சாமி அறையில் ஸ்டூலில் உட்காரும்போது மனசு கீழே தரையில்தான் இருக்கிறது. உனக்கும் இது வரும். வரும்போது எனக்கு எழுது, நாம் இரண்டு பேரும் சேர்ந்து வருத்தப்படலாம்.

கார்த்திகை தீபத்துக்குச் சுவாமிமலை போகலாமா என்று அவர் கேட்டார். அங்கே அறுபது படி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். இந்தத் தடவை வேண்டாம், கூட்டம் இருக்கும் என்றேன். தை மாதம் ஒரு சாதாரண நாளில் போய், நீயும் நானும் பிறந்த ஹேவிளம்பி வரைக்குமாவது, அதாவது முப்பத்தொன்றாவது படி வரைக்குமாவது, ஏறிப் பார்க்க வேண்டும். மிச்சத்தை உன்னோடு சேர்ந்து ஏறலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

உனக்குக் கிளிப் எடுக்கிற வாரம் நான் அங்கே இருப்பேன். அந்த இரண்டாவது வாரத்தில் நீ தனியாக ராத்திரி நாற்காலியில் உட்காரக்கூடாது. அவரிடம் சொல்லிவிட்டேன், கீழ் பெர்த் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீ செய்ய வேண்டியது, கொல்லைப்புறக் கழிவறையை மாற்றி உயரமான வெஸ்டர்ன் வைப்பது, குளிக்கிற இடத்தில் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்துவது. தொடைத் தசைக்கான பயிற்சியை இன்றைக்கே ஆரம்பி. ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு பலம் சேர்க்கிறாயோ அவ்வளவு கை கொடுக்கும். கம்பி பொருத்தியாயிற்றா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
கும்பகோணத்துச் சிநேகிதி