ஸீரோ அவர் தமிழ்ப் பேட்ச் பற்றி ரமேஷுக்கு

பண்டாரவளை

அன்பு மச்சான் ரமேஷ்,

பென் டிரைவ் பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே பின்னேரமானால் இடியும் மழையுமாகத்தான் இருக்கிறது, அட்டன் பக்கமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு டீச்சர் நியமனம் கிடைத்ததை அம்மா வாசித்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் வேலை செய்கிற பையன்கள் தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வரும்போது ஜெனரல்ஸ் ஸீரோ அவர் என்கிற கொம்பியூட்டர் போர் விளையாட்டு தமிழில் விளையாடக் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அது நடக்கும். ஆனால் நீ இப்போது கட்டியிருப்பது போல எல்லாவற்றையும் ஒரே இன்ஸ்டோலருக்குள் போடாதே. தமிழ் எழுத்தை ஒரு பொதியாகவும் எஞ்சின் (விளையாட்டை ஓட்டும் நிரல்) திருத்தங்களை இன்னொரு பொதியாகவும் பிரித்துவிடு. தீபாவளிக்கு முதலாவதை மட்டும் விட்டால் போதும்.

ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், இந்த விளையாட்டில் நெட்வேர்க் வழியாகப் போவது வீரர்களின் கட்டளைகள் மட்டும்தான். எந்த டாங்கி எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு கொம்பியூட்டரும் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. இடையிடையே எல்லா மெஷின்களும் தங்கள் கணக்கின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடும். ஒன்று பிசகினாலும் 'மிஸ்மேட்ச்' என்று ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். டேட்டா ஃபோல்டரில் உள்ள ஐஎன்ஐ என்கிற அமைப்புக் கோப்புகளில் பெரும்பாலானவையும் இந்தக் கணக்கில் சேர்த்தி. உன் பொதியில் கேம்டேட்டா ஐஎன்ஐயில் கேமரா உயரத்தை மாற்றியிருக்கிறாய். அகலத் திரையில் நிலம் பெரிதாகத் தெரிய அது தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைப் போட்ட மெஷினும் போடாத மெஷினும் ஒன்றாக விளையாட முடியாது. எட்டுப் பேர் கூடுகிற இடத்தில் இரண்டு பேரிடம் மட்டும் பழைய 1.04 பதிப்பு இருந்தால் அந்த இரண்டு பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான். தமிழ் எழுத்து அப்படியில்லை. விளையாட்டின் சொற்கள் இருக்கும் சிஎஸ்எஃப் கோப்பும் எழுத்துருவும் ஆட்டக் கணக்கைத் தொடுவதில்லை. ஒருவர் தமிழிலும் மற்றவர் இங்கிலிஷிலும் ஒரே ஆட்டத்தில் இருக்கலாம். இதைக் கெடுத்துவிடாதே மச்சான், இந்த விளையாட்டை நம் பக்கத்தில் இன்னும் உயிரோடு வைத்திருப்பது, ஒரே இடத்தில் கொம்பியூட்டர்களை இணைத்து விளையாடும் லேன் ஆட்டம்தான்.

நீ கேட்ட புள்ளி வட்டச் சிக்கலுக்கு வருகிறேன். 'கொ' என்று எழுதினால் திரையில் க தனியாகவும் அதற்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு கொம்பும் காலும் வருகிறதே, அது எழுத்துருவின் பிழை அல்ல. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் தீராது. 2025 பெப்ரவரியில் விளையாட்டின் சொந்தக்காரரான இஏ நிறுவனம், யாரும் எடுத்துத் திருத்தலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்ட மூலநிரலைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும். எஞ்சின் ஒரு சொல்லை முழுதாக விண்டோஸிடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியே வரையச் சொல்லி, அந்தப் படங்களை வரிசையாக அடுக்குகிறது. தனியாக வந்த கொம்புக்கு எந்த எழுத்தோடு சேர வேண்டும் என்று விண்டோஸுக்கு எப்படித் தெரியும்? அதனால் வட்டம் போட்டுக் காட்டுகிறது.

எஞ்சினைத் தொடாமலே இதைத் தீர்க்கலாம். யூனிகோடின் அடிப்படைப் பகுதியில் தனிப்பயனுக்கென்று 6,400 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நமக்கு வேண்டிய வடிவங்களை அங்கே வைத்து ஓர் எழுத்துரு செய். உயிரெழுத்தும் ஆய்தமும் 13. பதினெட்டு மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறு வடிவங்கள் வைத்தால் 108. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, ஔகாரத்தின் பின்பகுதி என்று 5. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் ஆறாறாக 30. ஸ்ரீ ஒன்று. மொத்தம் 157. இவ்வளவுதான். பிறகு மொழிபெயர்ப்பைச் சிஎஸ்எஃப் ஆக்குவதற்கு முன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (நிரல்) ஓடவிட்டு, யூனிகோட் தமிழைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசைக்கு மாற்று. 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று படங்களாக வரிசையில் நிற்க வேண்டும். யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்த வரிசை கைப்பழக்கம், புதிதாக ஒன்றும் இல்லை.

ஸ்கிரிப்டில் இரண்டு இடத்தில் கவனம். 'கொ' சில கோப்பில் ஒரே குறியாக இருக்கும், சில கோப்பில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். முதலில் எல்லாவற்றையும், பிரிந்ததை ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டு வந்துவிட்டுத்தான் மாற்றத் தொடங்க வேண்டும். அடுத்தது, ஔகாரத்தின் பின்பகுதிக்குப் பதிலாகப் பலர் ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் கண்ணில் படாது, தேடிப் பிடித்துத் திருத்து. பிள்ளைகள் பாமினியில் தட்டி அனுப்பியதை முதலில் யூனிகோடாக்கிக்கொள். இரண்டையும் ஒரே கோப்பில் கலக்க வேண்டாம்.

எழுத்துருவின் உயர அளவையும் பார்க்க வேண்டும். நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டில் 'க்' எல்லாம் 'க' மாதிரி இருக்கிறது. புள்ளியின் மேல்பாதி வெட்டுப்பட்டு, மிச்சம் எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கூ', 'மூ' ஆகியவற்றின் வாலும் கீழே அறுந்திருக்கிறது. எழுத்துருக் கோப்பில் விண்டோஸுக்கென்று சொல்லப்படும் மேல் எல்லை, கீழ் எல்லை அளவுகளுக்கு வெளியே வடிவம் நீண்டால் அந்தப் பகுதி வரையப்படாது. அந்த இரண்டு அளவையும் கூட்டு, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி எழுத்திலிருந்து தள்ளி வை. 1024க்கு 768 திரையில் வாசிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. நம் பக்கத்துப் பழைய மொனிட்டர்கள் பல அந்த அளவுதான். நோட்டோ தமிழ் எழுத்துருவை எடுத்து மாற்றுவதானால் அதன் ஓஎஃப்எல் (திறந்த எழுத்துரு) உரிமக் கோப்பையும் கூடவே வை, எழுத்துருவுக்கு வேறு பெயர் கொடு.

மொழிபெயர்ப்பில் விளையாட்டையே முடக்கக்கூடிய இரண்டு விஷயம் இருக்கிறது. கட்டளைப் பெயர்களில் & குறிக்கு அடுத்து வரும் எழுத்துதான் அந்தக் கட்டளையின் குறுக்கு விசை. தமிழாக்கும்போது அதை விட்டுவிட்டால் விசைப்பலகையில் விளையாடுகிறவனுக்குக் கை கட்டிப்போட்டது போல ஆகிவிடும். & குறிக்குப் பின் தமிழ் எழுத்தைப் போட்டாலும் பலனில்லை. தமிழ்ப் பெயரை எழுதி, கடைசியில் அடைப்புக்குள் & குறியோடு பழைய ஆங்கில எழுத்தையே வை. பழக்கப்பட்ட விரல்கள் பழைய விசையைத்தான் தேடும். இரண்டாவது, % குறியோடு வரும் இடங்கள். அங்கேதான் ஆட்டம் ஓடும்போது எண்ணும் பெயரும் வந்து உட்காரும். ஒன்றை விட்டாலோ வரிசையை மாற்றினாலோ தப்பான தகவல் வரும், அல்லது விளையாட்டே விழுந்துவிடும். நம் வாக்கிய ஒழுங்கில் பெயர் முன்னும் எண் பின்னும் வர வேண்டியிருந்தாலும் அந்த வரிசையை மாற்ற வழியில்லை. வாக்கியத்தைத்தான் அதற்கேற்ப அமைக்க வேண்டும். மூலத்திலும் தமிழிலும் % குறிகளை எண்ணி, வரிசையையும் ஒப்பிட்டு, பொருந்தாத வரிகளைக் காட்டுகிற மாதிரி ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடு. ஆயிரக்கணக்கான வரியைக் கண்ணால் பார்க்க முடியாது.

பொதி செய்வது லேசு. சிஎஸ்எஃப்பையும் லாங்குவேஜ் ஐஎன்ஐயையும் டேட்டா, இங்கிலிஷ் ஃபோல்டர் பாதையோடு ஒரு பிக் கோப்புக்குள் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கோப்பு) வை. கோப்பின் பெயரை ! குறியில் தொடங்கு. பிக் கோப்புகள் அகர வரிசைப்படி ஏறும், முதலில் ஏறியதுதான் செல்லும். லாங்குவேஜ் ஐஎன்ஐயில் யூனிகோட் எழுத்துருவின் பெயர் வரியில் நம் எழுத்துருவையும், லோக்கல் ஃபொன்ட் ஃபைல் வரியில் கோப்புப் பெயரையும் எழுது. டிடிஎஃப் என்கிற எழுத்துருக் கோப்பு பிக்குக்குள் போகக்கூடாது, விளையாட்டைத் தொடக்கும் எக்ஸி கோப்பு இருக்கும் ஃபோல்டரில் வெளியே இருக்க வேண்டும், ஏனென்றால் அதைத் திறப்பது விண்டோஸ். ஆக மொத்தம் இரண்டே கோப்பு. போட்டால் தமிழ், அழித்தால் பழையபடி இங்கிலிஷ். எக்ஸி இல்லாததால் வைரஸ் கார்ட் கத்தாது, பாதிக் கொப்பியில் கரண்ட் போனாலும் திரும்பவும் கொப்பி செய்தால் சரி. போனில் டேட்டா போட்டு இறக்குகிறவர்களுக்கும் சுமை குறைவு.

ரீட்மியை (பொதியோடு போகும் விளக்கக் குறிப்பு) தமிழிலேயே எழுது, நீளம் வேண்டாம். பேட்ச் போட்டவுடன் விளையாட்டு திறக்கவில்லை என்றுதான் முதல் முறைப்பாடு வரும். பாதிக்கு மேல் நம் பேட்ச்சோடு சம்பந்தப்படாததாக இருக்கும். விண்டோஸ் 10இல் ஒப்ஷன்ஸ் ஐஎன்ஐ கோப்பு இல்லாவிட்டால் விளையாட்டு தொடங்கும்போதே விழுந்துவிடும். டொகியுமென்ட்ஸுக்குள் ஸீரோ அவரின் டேட்டா ஃபோல்டரில் அந்தக் கோப்பை எப்படி உண்டாக்குவது, ரெசொலூஷன் வரியில் என்ன எழுதுவது என்று சொல்லு. மாதிரிக் கோப்பு ஒன்றையும் ஸிப்பில் வை. தமிழ் வரவில்லை என்பவருக்கு: முன்பு போட்ட ஏதோ ஒரு மொட் (ரசிகர்கள் செய்த மாற்றப் பொதி) விட்டுச்சென்ற சிஎஸ்எஃப் டேட்டா ஃபோல்டரில் தனியாகக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல். வெளியே கிடக்கும் கோப்பு பிக்கை மீறிவிடும். லேனில் ஆள் தெரியவில்லை என்பவருக்கு: கேபிளும் வைஃபையும் சேர்ந்திருந்தால் ஒப்ஷன்ஸில் லேன் ஐபியை எல்லோரும் ஒரே நெட்வேர்க்கில் இருக்கிற மாதிரி தெரிவு செய்ய வேண்டும். ஆட்டத்துக்குள் அரட்டையில் தமிழ் தட்டினால் வட்டம் வரத்தான் செய்யும், அது நம் ஸ்கிரிப்ட் வழியாக வருவதில்லை. அதையும் முன்கூட்டியே எழுதிவிடு. ஸிப்பின் ஷா-256 எண்ணை (கோப்பின் சரிபார்ப்பு எண்) பக்கத்தில் போடு, பென் டிரைவில் கை மாறி மாறிப் போகும்போது கெட்ட பிரதியைக் கண்டுபிடிக்க அது உதவும்.

உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இஏ ஜிபிஎல்லில் விட்டது நிரலை மட்டும்தான். படம், குரல், வசனம் எதுவும் அதில் சேராது. ஆகவே மூலக் கோப்பு எதையும் பொதியில் வைக்காதே, காசு வாங்காதே, இது ரசிகர்கள் செய்தது, நிறுவனத்துக்கு இதில் தொடர்பில்லை என்று முதல் வரியில் எழுது. விளையாட்டு இல்லாதவர்களுக்கு ஸ்டீம் என்கிற இணையக் கடையில் 2024 முதல் கிடைக்கிறது.

எஞ்சின் பொதியைக் கைவிடச் சொல்லவில்லை, அதில் நல்ல வேலை செய்திருக்கிறாய். ஆனால் நிரலை எக்ஸியாக்கும் புது விஷுவல் ஸ்டூடியோவில் கட்டிய எக்ஸியை அப்படியே வெளியே கொடுக்காதே. மூல விளையாட்டு அதன் பழைய பதிப்பான விஷுவல் சி++ 6 காலத்தது. புதிய கம்பைலர் தசமக் கணக்கை வேறு விதமாகச் செய்யும், கடைசி இலக்கத்தில் நூலளவு வித்தியாசம் வந்தாலே மிஸ்மேட்ச்தான். பழைய 1.04இல் பதிவான ரீப்ளேக்களை (முடிந்த ஆட்டத்தைத் திரும்ப ஓட்டும் பதிவுகள்) நிறையச் சேர்த்து உன் எக்ஸியில் ஓட்டு. ரீப்ளேயில் இருப்பதும் கட்டளைகள் மட்டும்தான் என்பதால் கணக்கு எங்கே பிரிகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். நீண்ட ஆட்டங்களாகவும், விமானமும் ஏவுகணையும் அதிகம் பறக்கிற ஆட்டங்களாகவும் பார்த்து எடு. இன்ஸ்டோலர் பழைய எக்ஸியை வேறு பெயரில் வைத்துவிட்டு, புதியதைத் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதிச் சரிபார்த்த பிறகே பெயர் மாற்ற வேண்டும். எக்ஸியைக் கொடுக்கிற அன்றே அதன் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும் என்பதை மறக்காதே.

திருத்திய எழுத்துருவையும் ஸ்கிரிப்டையும் வருகிற கிழமை அனுப்பு. எழுத்து வெட்டுப்படுகிறதா, பட்டன்களுக்குள் சொல் அடங்குகிறதா என்று இங்கே பழைய மொனிட்டரில் ஒவ்வொரு மெனுவாகப் பார்த்துக் குறித்து அனுப்புகிறேன். மொழிபெயர்ப்பில் கை கொடுத்த பிள்ளைகளின் பெயர்களை ரீட்மியில் போட மறக்காதே.

அன்புடன்,
சிவா