பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில், மலையகத் தாய்மார் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது என்று வலியுறுத்தி ஒரு கட்டுரை வந்திருந்தது. இரத்தச்சோகையைப் பற்றி அதில் சொன்னதெல்லாம் சரி. என் பழைய மாணவிகள் சிலருக்கு நானே அந்தப் பக்கத்தை மடித்துக் கொடுத்தேன். ஆனால் முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு வரி: மொழிச் சிரமம் உள்ளவர்கள் சிங்களம் தெரிந்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லதாம். எழுதியவர் அக்கறையில்தான் எழுதியிருப்பார். ஆனாலும், நான் சிறுவயது முதல் வாசித்து வரும் தமிழ்ப் பத்திரிகையில் இந்த வரியைக் காண நேர்ந்தது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிஞ்சுவது பாடசாலைப் பிள்ளைகள்தான். அதிலும் பெண்பிள்ளைகள். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த காலம் முழுவதும், கிளினிக் நாளென்றால் வகுப்பில் சில இடங்கள் காலியாக இருக்கும். கேட்டால், "அம்மாவோட ஆஸ்பத்திரிக்குப் போச்சு டீச்சர்" என்பார்கள். வரவுப் பதிவேட்டில் அதைச் சுகயீனம் என்று குறிக்கவும் முடியாது, வேறு எப்படிக் குறிப்பது என்றும் தெரியாது.

பிரஷர் பார்க்க நான் போயிருந்த ஒரு நாள், எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி தாயோடு பக்கத்து வரிசையில் இருந்தாள். அவர்களின் முறை வந்தது. கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்த மிஸ் அந்தப் பிள்ளையிடம் சிங்களத்தில், அம்மாவுக்கு இரத்தம் போவது எத்தனை நாளாக, கட்டியாகப் போகிறதா, கணவரோடு சேர்ந்து இருக்கும்போது வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னார். பிள்ளை கிளினிக் கொப்பியின் மூலையை மடித்தாள், நிமிர்த்தினாள், திரும்ப மடித்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "ஒடம்பு எப்பிடி இருக்குன்னு கேக்குறாங்கம்மா" என்றாள். தாய், "பரவாயில்லன்னு சொல்லு" என்றார். அதுவே கொப்பியிலும் எழுதப்பட்டது. நான் எழுந்து போய்ப் பேசினேன். அந்தத் தாய்க்கு வாரக்கணக்கில் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. நான் அன்றைக்கு அங்கே இருந்தது தற்செயல். நான் இல்லாத நாட்களில் கொப்பிகளில் என்னென்ன எழுதப்பட்டன என்று யாருக்குத் தெரியும்?

மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் அறுபது எழுபது பேர் நின்றார்கள். ஒரு வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் அந்த நோயாளியின் சொந்தப் பிள்ளையை நிறுத்தக் கூடாது. தாய் உண்மையைச் சொல்ல மாட்டார், பிள்ளை கேள்வியையே கேட்க மாட்டாள். கெட்ட செய்தி என்றால் அதைத் தாயிடம் சொல்வதும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும். இதை நல்ல வழியென்று ஒரு பத்திரிகை சொல்லலாமா ஐயா?

சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி நான் தங்களுக்கு எழுதத் தேவையில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நம்மவர்களே மறந்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த வருடமே 16ஆவது திருத்தம் வந்தது. அதன்படி, வடக்கு கிழக்குக்கு வெளியிலும் எந்த அரச அலுவலரோடும் தமிழில் அலுவல் பார்க்கவும், தமிழில் பதில் பெறவும் ஒருவருக்கு உரித்துண்டு என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. அது நடக்கிறதா என்று பார்ப்பதற்கு 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கச் சட்டம் வந்தது. 1999இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் வந்தது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழர்கள். இத்தனையும் இருக்கும்போது, மொழிபெயர்ப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளையின் பொறுப்பாக எப்படி ஆனது?

எழுத உட்கார்ந்தால் ஒன்றோடு நிற்கவில்லை, மன்னிக்கவும். என் சின்னம்மா பிரசவ வலியோடு படுத்திருந்தபோது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். தாள் முழுக்கச் சிங்களம். பிள்ளையை ஒப்பரேஷன் செய்து எடுப்பதற்கு என்று நினைத்துப் போட்டார். இனிப் பிள்ளை பெறாதபடிக்கும் சேர்த்துச் செய்துவிட்டார்கள் என்பது வெகுகாலம் கழித்து, வேறொரு வைத்தியசாலையில், தமிழ் தெரிந்த வைத்தியர் ஒருவர் பார்த்துச் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் சம்மதித்தார் என்று அந்தக் கோப்பில் இன்றைக்கும் இருக்கும். சின்னம்மா அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், சேமலாப நிதித் தாள் உட்பட.

என் அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இன்னொரு மாதிரி. கேட்டு எழுதியவர்கள் யாரும் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, அவருக்குச் சேர வேண்டிய பணம் வருவதற்குள் அவர் இறந்துபோய்விட்டார்.

2023இல் அரசின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு தொடங்கியபோது எங்கள் லயத்தில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவரின் பெயர் பட்டியலில் இல்லை. மேன்முறையீட்டை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பதில் சிங்களத்தில் வந்தது. பாட்டி அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார், வாசிக்கத் தெரிந்தவர் யாராவது வருவார்கள் என்று. ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் வாசித்துச் சொன்னபோது, ஆவணங்களோடு வரச் சொன்ன திகதி கடந்துவிட்டது. அதே வருடம்தான், நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். தாங்களும் பக்கம் பக்கமாக எழுதினீர்கள், நானும் வெட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பாட்டியின் கடிதம் போன்றவற்றுக்கும் அந்தப் பக்கங்களில் ஒரு மூலை கிடைத்திருக்கலாம்.

நல்லவர்களையும் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவுக்கு முன்பு வந்த சிங்களக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் லயம் லயமாக நடந்தே தமிழ் பழகிக்கொண்டார். "பால் குடுக்குறீங்களா, காய்ச்சல் இருக்கா" என்று அவர் கேட்கும்போது தாய்மார் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். யாரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தமிழ்மொழிப் பரீட்சையில் சித்தியடைந்து கொடுப்பனவும் வாங்கும் சிலரால் தமிழில் ஒரு வசனம் பேச முடியவில்லை என்பதையும் கண்டிருக்கிறேன். ஆகவே பரீட்சையை வாய்மொழியாக, நோயாளிகளை வைத்தே நடத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மட்டக்களப்பில் ஒரு சிங்களத் தாய் இதே நிலையில் நின்றால் அவருக்கும் இதே உரித்து இருக்கிறது. அவருக்காகவும்தான் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் அந்த வரிக்குப் பதிலாக 22ஆவது உறுப்புரையைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மொழி தெரிந்த ஆளைக் கொண்டுவர வேண்டியது தாயல்ல, வைத்தியசாலைதான் என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். என் மாமியாருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. பெரிய வெள்ளை மாத்திரை சீனிக்கு, சின்ன வெள்ளை பிரஷருக்கு என்று பார்த்துப் பழகியவர். ஒரு மாதம் வேறு கம்பெனி மருந்து வந்து அளவு மாறியது. மாறிப் போட்டு, அடுப்படியில் மயங்கி விழுந்தார். மருந்து உறையில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது, சிங்களத்தில். வைத்தியசாலைகளில் மாத்திரை போட்டுத் தரும் அந்தக் கடதாசி உறையில் மருந்து எதற்கு என்பதையும், காலை, பகல், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்பதையும் இரண்டு மொழியிலும் அச்சிட்டு, பொருந்துவதில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் போதும். புதிதாக ஆள் எடுக்கத் தேவையில்லை, சட்டம் எதுவும் மாற்றத் தேவையில்லை. மத்திய மாகாணத்தில் சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்களின் காதில் விழும்படி தங்கள் தலையங்கத்தில் ஒரு பத்தி எழுதினால் இது நடக்கும் என்று நம்புகிறேன். அடுத்த முறை உறை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.